வக்கீலுக்கு ஒரு வாய் மீன்

வெந்துட்டா வேகலையான்னு எப்படிக் கண்டுபிடிக்கது? பருப்புன்னா ஒண்ண எடுத்து நசுக்கிப் பாக்கலாம். கத்திரிக்காய்னா கரண்டிக் காம்பால குத்திப் பாக்கலாம். இந்த எளவு மீன் தண்ணியில போட்ட நிமிஷமே வெந்த மாதிரி ஆயிட்டு, கண்ணு மட்டும் வெள்ள வெளேர்னு வெளிய தள்ளிக்கிட்டு என்னையே பாக்குது. பாக்கட்டும். நான் வாயால மூச்சு விட்டுக்கிட்டு நிக்கேன். புறவாசல்ல, தகரக் கொட்டாய்க்கு அடியில, என் பொண்டாட்டி செலஸ்தினோட ஒத்த அடுப்பு முன்னால, தோள்ல துண்டு, கையில கரண்டி. மின்வாரியத்துல கணக்குப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆன சுத்த சைவம் சங்கரலிங்கம் பிள்ளை நாய்க்கு மீன் அவிச்சுக்கிட்டு நிக்கான்னு சொந்தக்காரன் ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும், தூத்துக்குடி பூரா சிரிப்பாச் சிரிச்சிரும். சிரிச்சுட்டுப் போகட்டும். வக்கீல்னு பேரு, அந்த நாய் சாப்பிடணும், எனக்கு இப்ப அது ஒண்ணுதான். ரீத்தா திரும்பப் போன் பண்ணுததுக்குள்ள சாப்பிடணும். விடியும்போதே கூப்பிட்டுட்டா, செலஸ்தினோட தங்கச்சி, மதுரையில ஆஸ்பத்திரியில கூட இருக்கா. அத்தான், அக்காவுக்குப் பிரஷர் எறங்கவே மாட்டேங்கு, இப்படியே இருந்தா இன்னைக்கு ஆப்பரேஷன் கெடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, இவ என்னன்னா வக்கீல் சாப்பிட்டானா வக்கீல் சாப்பிட்டானான்னு ஒரே புலம்பல். சாப்பிட்டான்னு சொல்லும்மான்னேன். சொல்லிப் பாத்துட்டேன் அத்தான், நம்பல, வீடியோல காட்டச் சொல்லுதா. நம்ப மாட்டா. எனக்குப் பொய் வராதுன்னு கல்யாணத்தன்னைக்கே கண்டுபிடிச்சவ. நெஞ்சுக்குள்ள வால்வு சுருங்கிப் போச்சு அவளுக்கு. தள்ளிப்போட்டாத் தாங்காதுய்யான்னு டாக்டர் என்னையத் தனியாக் கூப்பிட்டு மெதுவாச் சொன்னாரு, அந்த மெதுவாச் சொன்னதுதான் காதுக்குள்ளயே கெடக்கு. அடுப்ப அணைச்சிரட்டுமா? இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும். கொதிச்சா முள்ளும் வெந்துருமோ என்னவோ.

அவன் வாசல்ல கெடக்கான். இங்கருந்து பாத்தா நடைவழியா அவன் முதுகு மட்டும் தெரியுது, செம்மண் கலர்ல, ஓரத்துல நரைச்ச முதுகு. கேட்டப் பாத்துக்கிட்டே படுத்திருக்கான். உப்பளத்து ரோட்டுல குட்டியாக் கெடந்ததை மடியில கட்டிக் கொண்டாந்தா. எவன் வந்தாலும் எதுத்து எதுத்துக் கொலைப்பான், தபால்காரன் கிட்ட ஒரு வாதம், பால்காரன் கிட்ட ஒரு வாதம், அதனால வக்கீல்னு நாந்தான் பேர் வச்சேன். பேர் வச்சதோட சரி. சோறு அவ கை, குளிப்பாட்டுதது அவ கை. நான் தடவிக் குடுத்தா ஏதோ கடமைக்கு வாலை ரெண்டு ஆட்டு ஆட்டுவான், ஆபீஸ்ல நான் சூப்பரிண்டெண்டுக்கு வச்ச வணக்கம் மாதிரி. அவ மதுரைக்குப் போனதுலருந்து ஒண்ணும் தொடல. எதுத்த வீட்டுல சாவியக் குடுத்துச் சோறு வைக்கச் சொன்னோம், அந்தம்மா வச்ச பாலுஞ்சோறு எறும்பு மொச்சுக் கெடந்துச்சு. செலஸ்தின் கேட்டுட்டு, நீங்க இங்க நின்னு என்ன செய்யப் போறீங்க, ரீத்தா இருக்கா, நீங்க போங்க, அவன் செத்துருவான்னா. உன்னைய விட்டுட்டு நாயப் பாக்கப் போகச் சொல்லுதியேன்னு கத்தினேன், ஆஸ்பத்திரின்னு கூடப் பாக்காம. நர்ஸ் வந்து உஸ்ஸுன்னா. செலஸ்தின் என் கையப் பிடிச்சுக்கிட்டு, மீன் அவிச்சுக் குடுங்க, அதுன்னா தொடுவான், உப்புப் போடாதீங்க, உறைப்புப் போடாதீங்க, வெங்காயம் பூண்டு ஆகாதுன்னு நாய் டாக்டர் சொல்லியிருக்காரு, முள்ளு மட்டும் ஒண்ணு விடாமப் பாத்துருங்கன்னா. என் கையப் பிடிச்ச கை ஜில்லுனு இருந்துச்சு. ராத்திரி பஸ்ஸ விட்டு எறங்கி வந்தா, வக்கீல் என் பின்னால எட்டி எட்டிப் பாக்கான், அவ வாறாளான்னு. அப்புறம் போய்ப் படுத்தவன்தான். நான் எதுக்குச் சுத்தி வளைக்கேன். எனக்கும் அவ இல்லாம அப்படித்தான் இருந்துச்சு.

மீன் வாங்கினதுதான் பெரிய கூத்து. அடைக்கலமேரி சைக்கிள்ல கூடை கட்டிக்கிட்டு வரும், செலஸ்தின் பேர் சொல்லிக் கூப்பிடும், நான் கேட்டுக்கு வெளிய போய் நின்னதும் அந்தம்மா யாருக்கும் என்னமும் ஆயிட்டோன்னு பயந்துட்டு. மீன் குடும்மான்னேன். என்ன மீன் அண்ணாச்சின்னு கேக்கு. எனக்கு என்ன தெரியும், மீன்னா மீன்தான. விளை இருக்கு, ஊளி இருக்கு, சாளை இருக்குன்னு அடுக்குது. நான் பெரிய மூளைக்காரன் மாதிரி, சின்னதாப் பாத்துக் குடும்மா, சின்ன மீன்னா முள்ளும் சின்னதா இருக்கும், தொண்டையில நிக்காதுன்னேன். பிஞ்சுக் கத்திரிக்காய்ல விதை தெரியாதே, அந்தக் கணக்கு. அந்தம்மா என் மூஞ்சியவே பாத்துச்சு. வீட்டுல சமைக்கவா அண்ணாச்சின்னு ஒரு சிரிப்பு. எனக்குச் சுர்ருனு வந்துட்டு. நாய்க்கும்மான்னு பட்டுனு சொல்லி, பாத்திரத்த நீட்டிட்டு, உள்ள வந்துட்டேன், மேல ஒரு வார்த்த பேச விடல. பேச விட்டிருந்தாச் சொல்லியிருக்கும். சாளை. விரல் நீளம். இப்ப வடிச்சுத் தட்டுல கொட்டிப் பாக்கேன், ஒண்ண நடுவுல பிளந்தா நடு முள்ளு ஒண்ணு, அது சரி, அது என் கண்ணுக்கே தெரியுது, அதுக்கு ரெண்டு பக்கமும் முடி முடியா, தலைமுடி மாதிரி, வெள்ளையா, சதை கலர்லயே, எது சதை எது முள்ளுன்னு பிரிச்சுச் சொல்ல ஆண்டவனால கூட முடியாது. அட கூறுகெட்ட மனுசா. சின்ன மீன்ல முள்ளு சின்னதா இருக்காது, நிறைய இருக்கும். இத மீன் தின்னுத ஊர்ல மூணு வயசுப் பிள்ள கூடத் தெரிஞ்சு வச்சிருக்கும். திரும்பப் போய் வேற வாங்கலாம்னா அடைக்கலமேரி இந்நேரம் எந்தத் தெருவோ. மார்க்கெட்டுக்குப் போய் வர நேரம் இருக்கா? கழுவுத கல்லு மேல போன் கெடக்கு, அடிக்கல, இப்ப அடிக்கல, நான் அந்தப் பக்கம் போன உடனே அடிக்கும். போக முடியாது. இதேதான்.

சோத்தக் கொழையப் பிசைஞ்சு வச்சாச்சு. முள்ளு பாக்க வேண்டியதுதான் பாக்கி. முள்ளுன்னா எனக்குப் பயம், சும்மா இல்ல. போன தீவாளிக்கு அடுத்த நாள் அவன் தொண்டையில முள்ளு மாட்டிட்டு. எங்கேயோ குப்பையில வாய் வச்சிருக்கான். கக்கக் கக்கன்னு கழுத்த நீட்டிக்கிட்டு, எச்சில்ல ரத்தம், செலஸ்தின் அவன மடியில போட்டுக்கிட்டு ஆட்டோவுல ஏசுவே ஏசுவேன்னு அழுதா, அப்பவே அவளுக்கு நெஞ்சு படபடன்னு வந்துச்சு, நான் நாய்க்குப் போய் இப்படி அழுவாங்களான்னேன். கால்நடை டாக்டர் மயக்க மருந்து குடுத்து இடுக்கி வச்சு எடுத்தாரு. உள்ள கிழிஞ்சு ஆறியிருக்கு, திரும்ப அதே எடத்துல குத்திச்சுன்னா நான் கையப் பிசைஞ்சுக்கிட்டுத்தான் நிப்பேன், மீன் குடுங்க, வேணாங்கல, ஆனா தடவிப் பாத்து, அரைச்ச மாதிரிக் குடுங்கன்னாரு. அப்படின்னா இப்ப என்ன ஆகும்? அவன் சாப்பிடலன்னா அவ பிரஷர் எறங்காது. சாப்பிட்டு ஒரு முள்ளு குத்திட்டுன்னா, அவ பாத்துக்கிட்டிருக்கும்போதே, அந்தப் போன் கண்ணாடியில அவன் கழுத்த நீட்டிக் கக்குததப் பாத்தா, அவ நெஞ்சு அங்கயே நின்னுரும். ரெண்டு பக்கமும் அடி. நான் நடுவுல ஒரு சாளைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உருவு. ஒண்ணு உருவியாச்சு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கோ. ஆவி. திரும்பத் தொடை.

விரல வச்சுத் தடவுனாத் தெரியும்னு சொல்லுவா. கட்டவெரலால மெதுவாத் தேய்ப்பா, சதை நழுவும், முள்ளு நிக்கும்பா. எங்க நிக்கி? நானும் தேய்க்கேன், எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு, பஞ்ச உருட்டுத மாதிரி. அட, எப்படித் தெரியும், சர்க்கரை வந்து விரல் நுனி செத்து வருஷமாச்சு. சட்டைப் பொத்தானக் கூடக் கண்ணால பாத்துத்தான் போடுதேன். இப்பத்தான் பாக்கேன், கட்டவெரல்ல கொப்புளம், சட்டியத் துணி இல்லாமத் தூக்கியிருக்கேன் போல, சுட்டது கூடத் தெரியல. இந்தக் கைய வச்சுக்கிட்டு முள்ளுத் தேடுதேன். கையால முடியாது, கண்ணால முடியாது, அப்ப என்ன மிச்சம்? என்ன மிச்சம்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இன்னொரு சாளைய எடுத்துப் பிரிக்கேன். அவ உதட்டுல வச்சுப் பாப்பா. பெத்தவங்க பிள்ளைக்கு மீன் ஊட்டும்போது எங்க பக்கம் அப்படித்தாங்க, முதல்ல அவங்க வாயில ஒரு பெரட்டு பெரட்டிட்டுத்தான் பிள்ளை வாய்க்குப் போகும், நாக்குக்குத் தெரியாத முள்ளு கெடையாதுன்னு ஒரு தடவ சொன்னா. கேட்டதுக்கே நான் எந்திரிச்சுப் போய்ட்டேன். எங்க அம்மைக்குக் கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். வேதக்காரப் பிள்ளைய, ஏசுவக் கும்பிடுத பிள்ளையக் கட்டுதேன்னு ஒத்தக்கால்ல நின்னப்போ, கட்டிக்கோ, ஆனா மீன் உன் நாக்குல படாது, உன் உலையில வேகாதுன்னு சொல்லு, நான் உன் வீட்டுல பச்சைத்தண்ணி குடிப்பேன்னு அம்மை சொன்னா. சொன்னேன். அம்மை போய்ச் சேந்து எத்தனையோ காலமாச்சு. சத்தியம் மட்டும் இங்கேயே உக்காந்திருக்கு, அம்மை விட்டுட்டுப் போன வெத்தலைச் செல்லம் மாதிரி, யாரும் தொறக்கதும் கெடையாது, தூக்கிப் போடுததும் கெடையாது. செலஸ்தினும் அதுக்கப்புறம் மீனத் தொடல. என் பொண்டாட்டி எனக்காக மீனையே விட்டுட்டா வே, கடக்கரைக்காரி, லேசுப்பட்ட விஷயமான்னு கல்யாண வீடு பூரா சொல்லிப் பெருமையடிச்சிருக்கேன். வக்கீல் வந்த பிறகுதான் இந்தக் கொட்டாயும் ஒத்த அடுப்பும். வீட்டுக்குள்ள வேண்டாம், வெளிய வச்சு நாய்க்கு அவிச்சுக்கோன்னு நாந்தான் போட்டுக் குடுத்தேன்.

துருவுத தட்டு ஏதாவது இருக்குமா, சல்லடை, ஆமா, சல்லடையில வச்சுத் தேச்சா முள்ளு மேல நின்னுராது? அலமாரியத் தொறந்து பாக்கேன், சல்லடை இல்ல, பழைய சாக்கு, அதுக்குப் பின்னால ஒரு மண்சட்டி. சின்னது. ஒருத்தருக்குக் காணுத சட்டி. உள்ள செவப்பேறி, எண்ணெய் ஊறிக் கருத்துப் போயிருக்கு, மூக்குல வச்சேன், புளி, மொளகாய். பக்கத்துல ஒரு டப்பாவுல மொளகாப் பொடி, கொஞ்சம் தேங்காய்ச் சில்லு காஞ்சு கெடக்கு. நாய்க்கு எதுக்குப் புளி? உறைப்புப் போடாதீங்க, உப்புப் போடாதீங்கன்னு அவதான சொன்னா. அப்ப இது யாருக்கு? ஒரு தட்டு. அலுமினியத் தட்டு, அதுவும் ஒண்ணே ஒண்ணு. குத்துக்காலிட்டு உக்காருத மரப்பலகை ஒண்ணு, வழவழன்னு, அது எப்பவும் இங்கதான் கெடக்கு, நான் அதத் துணி தொவைக்க உக்காருததுன்னு நெனச்சேன். நான் பென்ஷன்காரங்க சங்கத்துக்குப் போவேன்லா, பதினோரு மணிக்கு. நான் திரும்பி வரும்போது பல் வெளக்கிட்டு, வாயில ஏலக்கா போட்டுக்கிட்டு நிப்பா. என்ன எப்பப் பாத்தாலும் ஏலக்காய்னு கேட்டிருக்கேன். நெஞ்சுக் கரிப்புங்கன்னு சொன்னா. அட கடவுளே. ஒரு நாய்க்கு இத்தனை மீனான்னு கூடக் கேட்டிருக்கேனே. இந்தத் தகரத்துக்குக் கீழ, இந்த வெக்கையில, என் வீட்டுப் புறவாசல்ல, திருடித் தின்னுத மாதிரி. கூட உக்காந்து தின்ன ஆள் இல்லாம. போன் அடிக்குது.

அடிக்குது, மீன் கையோட எடுத்தேன், நழுவி விழப் பாத்துச்சு. ரீத்தா மூஞ்சி. அத்தான், சீக்கிரம், இப்ப டாக்டர் வந்துருவாரு. இரும்மான்னு போன சொவத்துல சாச்சு வச்சேன், எது தெரியுது, தகரந்தான் தெரியுது அத்தான், கீழ எறக்குங்க. எறக்கினேன். செலஸ்தின். பச்சைச் சட்டை, மூக்குல கொழாய், முடிய இழுத்துக் கட்டி, யாரோ மாதிரி இருந்தா. வக்கீலு எங்கன்னா. ஏல வக்கீலுன்னு அங்கருந்தே கூப்பிட்டா, கூப்பிட்டதுக்கே மூச்சு வாங்குச்சு. நகம் தரையில கீறுத சத்தம், நடைவழியா வாறான், வந்துட்டான், போன மோந்தான், தட்ட மோந்தான், என்னையப் பாத்தான். நின்னுட்டான். தின்னுல, தின்னு ராசா, ஒன் அம்மா பாக்கா பாருன்னேன், என் குரல் எனக்கே கேவலமா இருந்துச்சு. செலஸ்தின் தட்டப் பாத்துட்டா. என்னங்க இது, சாளையா? சாளையா வாங்குனீங்க? ரீத்தா, அவங்க சாளைய வாங்கியிருக்காங்க பாரு. முள்ளு பாத்துட்டேம்மான்னேன். எப்படிப் பாத்தீங்க, உங்க விரலுக்குத் தெரியாதேங்க. அவளுக்குப் பின்னால ஏதோ மிஷின் டிக் டிக்குனு வேகமா அடிக்குது, ரீத்தா அக்கா அக்கா பேசாதங்கா. கொடுக்காதீங்க, ஐயோ கொடுக்காதீங்க, அவன் தொண்டைங்கா செலஸ்தின். அவன் இதுக்குள்ள திரும்ப மோந்து பாக்கத் தட்டுக்குக் குனிஞ்சான், நான் தட்டப் பிடுங்கி மேல தூக்கிட்டேன், சோறு சிந்துது.

எடுத்தேன் ஒரு துண்ட. வாயில போட்டேன். கண்ண மூடிக்கிட்டேன், அம்மை மூஞ்சி வரும்னு பாத்தேன், வரல. சூடு. உப்பில்ல. தவிடு மாதிரி, கடல் தண்ணி மாதிரி, என்னன்னு சொல்லத் தெரியல, கொமட்டுனு ஒரு பெரட்டு பெரட்டிட்டு, அடக்கிக்கிட்டேன். நாக்கால தேய்ச்சேன். சதை நழுவுச்சு. முள்ளு நின்னுச்சு. ஆமா, நின்னுச்சு, ஊசி மாதிரி ஒண்ணு மேலண்ணத்துல, எடுத்துக் கையில வச்சுப் பாக்கேன், முடியளவு. இன்னொண்ணு. கடைசியா ஒண்ணுமில்லாத சதைய விரல்ல வாங்கி அவன் முன்னால நீட்டினேன். அவன் விரலப் பாக்கல. என் வாயப் பாக்கான். நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கான். போன்ல சத்தமே இல்ல. கட்டாயிட்டோன்னு திரும்பினேன், இருக்கா, கண்ணு ரெண்டும் பெருசா, என்னையேதான் பாக்கா. அப்புறம் சின்னக் குரல்ல சொன்னா, முழுங்குங்க. என்ன? நீங்க முதல்ல ஒரு வாய் முழுங்கினாத்தாங்க அவன் வாய் வைப்பான். அப்படிப் பழகிட்டான். சொல்லிட்டுப் பார்வையத் தாழ்த்திக்கிட்டா. தப்புப் பண்ணுன பிள்ள மாதிரி தாழ்த்திக்கிட்டா. நான் இன்னொரு துண்ட வாயில போட்டு, முள்ளப் பாத்துத் துப்பிட்டு, மென்னு, முழுங்கிட்டேன். தொண்டைக் குழி ஏறி எறங்குததப் பாத்துட்டு வக்கீல் குனிஞ்சான். என் கையில இருந்தத நக்கி வாங்கினான். ஒண்ணும் ஆகல, கழுத்த நீட்டல, கக்கல, வாலு ஆடுச்சு.

மண்சட்டியப் பாத்தேன் செலஸ்தின்னேன். அவ கண்ணுலருந்து மூக்குக் கொழாய்க்குப் பக்கத்துல தண்ணி எறங்குச்சு. ஏன் சொல்லலன்னு கேக்க வாயெடுத்தேன், எந்த மூஞ்சியோட கேக்கது. இது சப்புனு இருக்குட்டீ, மனுசன் திம்பானா இதன்னேன். நீ வந்து அந்தச் சட்டியில உறைப்பா வை. உள் அடுப்புல வை. ரெண்டு தட்டு எடு. அவ சிரிக்காளா அழுதாளான்னு தெரியல, படம் ஆடுச்சு, ரீத்தா அழுதுக்கிட்டே, அத்தான், பிரஷர் எறங்குது, நர்ஸ் சொல்லுதாங்க எறங்குதாம், கூட்டிட்டுப் போறாங்க அத்தான்னா. சக்கரம் உருளுத சத்தம். முள்ளு பாத்துக் குடுங்கன்னு தூரத்துல அவ குரல், எனக்கா ரீத்தாவுக்கா யாருக்குச் சொன்னாளோ. போன் அணைஞ்சிட்டு. அவ உள்ள போயிருப்பா. இந்நேரம் கதவச் சாத்தியிருப்பாங்க. நான் அந்தப் பலகைய இழுத்துப் போட்டு அவ உக்காருத எடத்துல உக்காந்தேன். தட்டுல இன்னும் நிறையச் சாளை கெடக்கு. வக்கீல் வாலைச் சுருட்டிக்கிட்டு முன்னால உக்காந்து என் வாயப் பாக்கான். இருல, அவசரப்படாத, சேந்தே திம்போம்னு அடுத்த துண்ட எடுத்து வாயில வச்சேன்.